போறணை இல்லாமல் இனிப்பு ரொட்டி: வளவில் உள்ளதைக் கொண்டு சுடும் முறை

ஊர் திரும்பிய முதல் வாரங்களில் அடுப்பு மூட்டுவதே பெரிய வேலை. தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே மூன்று கல் வைத்துச் சோறும் கறியும் ஆக்கி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஆனாலும் பின்னேரமானால் பிள்ளைகள் தேநீரோடு கடிக்க ஏதாவது கேட்பார்கள். அந்நாளில் படுவான்கரையின் பல ஊர்களுக்குப் பாணும் பணிசும் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்தே வர வேண்டியிருந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலோ, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலோ பாதை ஓடாத நாளில் கடையில் பாண் இருந்ததில்லை.

2007 மே மாதத்திலிருந்து படுவான்கரைக்குத் திரும்பிவந்த குடும்பங்களின் கையில் உலர் உணவுப் பொதி இருந்தது. அதில் இருந்த கோதுமை மா, சீனி, எண்ணெய் போன்றவற்றோடு அரை மூடித் தேங்காய் சேர்ந்தால் போறணை இல்லாமலே இனிப்பு ரொட்டி சுடலாம். இதற்கு விறகு தேடிக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. வளவில் கிடக்கும் சிரட்டையும் பொச்சும் போதும். இந்தக் கைந்நூலில் இந்த முறையைச் சேர்த்ததற்கு முக்கிய காரணம் அதுதான்.

ஓட்டிலேயே வேகுமா?

வேகும். போறணையில் சூடு எல்லாப் பக்கமும் இருந்து வருவதால் தடித்த பாணும் உள்ளே வரை வேகிறது. ஓட்டிலோ சூடு அடியிலிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே ரொட்டி மெல்லியதாக இருக்க வேண்டும், நெருப்பு தணிவாக இருக்க வேண்டும், ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் உள்ளே மா பச்சையாக நிற்காது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழியல்ல. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் ‘வெல்ஷ் கேக்’ என்ற சிறிய வட்டப் பலகாரத்தை இன்றும் தடித்த இரும்புத் தட்டை அடுப்பில் வைத்துத்தான் சுடுகிறார்கள். மா, வெண்ணெய், சீனி, முட்டை, உலர்ந்த திராட்சை ஆகியவையே அதற்கு வேண்டியவை. நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அதைச் சாப்பாட்டோடு கொண்டு போனார்கள். நாம் தேங்காய்ப்பூ ரொட்டி சுடுவதும் ஏறக்குறைய அதே முறைதான். சீனியும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால் அது பலகாரமாகிவிடும்.

தேவையான பொருட்கள்

சுமார் 12 ரொட்டிக்கு:

- கோதுமை மா: 2 தேநீர்க் கோப்பை (ஏறத்தாழ 250 கிராம்)
- தேங்காய்ப்பூ: 1 கோப்பை (அரை மூடித் தேங்காய்)
- சீனி: 4 மேசைக்கரண்டி
- எண்ணெய் அல்லது மாஜரின்: 2 மேசைக்கரண்டி
- உப்பு: கால் தேக்கரண்டி
- ஏலக்காய், பிளம்ஸ், பொடியாக நறுக்கிய கஜு: கிடைத்தால் மட்டும்
- கொதித்தாறிய நீர்: அளவாக

மாவைப் பயன்படுத்த முன் அரிதட்டில் அரித்துக்கொள்ளுங்கள். வண்டு மட்டும் இருந்தால் அரித்து, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்து, கட்டியாகி, மக்கல் மணம் வந்த மாவை வீச வேண்டும். அதைக் கோழிக்கும் போட வேண்டாம். மா மூட்டையை நிலத்தில் வைக்காமல் பலகை அல்லது கல்லின் மேல் வைத்தால் ஈரம் ஏறாது.

நீண்ட நாள் இறைக்காத கிணற்று நீரை, கிணற்றைத் துப்புரவாக்கிக் குளோரின் இடும்வரை சமையலுக்கோ குடிக்கவோ எடுக்க வேண்டாம். குளோரின் இட்ட பின்பும் கொதிக்க வைத்த நீரே நல்லது.

செய்முறை

1. மாவையும் உப்பையும் கலந்து, எண்ணெயை அல்லது மாஜரினை விட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். மா ஈர மணல் போல உதிர்ந்து வர வேண்டும். கொழுப்பு மாவில் முதலில் படிந்தால் ரொட்டி இழுபடாமல் மெதுவாக வரும்.

2. தேங்காய்ப்பூ, சீனி, மற்றச் சாமான்களைச் சேர்த்துக் கலவுங்கள்.

3. நீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். தேங்காய்ப்பூவிலும் ஈரம் உண்டு. சீனியும் கரைந்து மாவை இளக்கும். ஆகவே ஐந்தாறு மேசைக்கரண்டி நீர் போதுமாக இருக்கும். மா ஒன்றாகத் திரண்டதும் நிறுத்துங்கள். பராட்டாவுக்குப் போல அடித்துப் பிசைந்தால் ரொட்டி இறுகிவிடும்.

4. மூடி, கால் மணி நேரம் வையுங்கள்.

5. சிறு உருண்டைகளாக்கி, உள்ளங்கை அகலத்துக்கு, சுண்டுவிரல் தடிப்புக்குத் தட்டுங்கள். ஒட்டினால் கையில் கொஞ்சம் மா தொட்டுக்கொள்ளலாம்.

6. ஓட்டைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பாருங்கள். உடனே கறுத்தால் சூடு கூடிவிட்டது, தணலை வெளியே இழுங்கள். மெல்ல மெல்லப் பொன்னிறமானால் சரியான சூடு. தூவிய மாவைத் துடைத்துவிட்டு ரொட்டியைப் போடுங்கள்.

7. ஒரு பக்கம் நாலைந்து நிமிடம் வேகட்டும். மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடினால் சூடு உள்ளே நிற்கும். தட்டகப்பையால் திருப்பி மற்றப் பக்கத்தையும் அதேயளவு நேரம் சுடுங்கள்.

8. ஓரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். பசைபோல அமுங்கினால் இன்னும் வேக வேண்டும்.

சீனி சேர்ந்த மா விரைவாகக் கருகும். பெருஞ்சுவாலையில் வெளிப்பக்கம் கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். சிரட்டையை முதலில் நன்றாக எரியவிட்டு, சுவாலை அடங்கித் தணலான பிறகு ஓட்டை வையுங்கள். புதிய சிரட்டைத் துண்டுகளை ஓரத்தில் எரியவிட்டு, தணலானதும் உள்ளே தள்ளலாம்.

எந்த ஓடு நல்லது?

மண் ஓடு, தடித்த இரும்புத் தாச்சி, தோசைக்கல் எதுவும் நல்லது. கூரைத் தகரத்தை வெட்டி ஓடாகப் பயன்படுத்த வேண்டாம். பெயின்ட் தகரம், எண்ணெய் பரல், உடைந்த கட்டடங்களிலிருந்து எடுத்த உலோகத் துண்டு எதுவும் வேண்டாம். அவற்றின் பூச்சு சூட்டில் இளகி உணவில் சேரக்கூடும். உடைந்த கட்டடத்தில் கிடக்கும் உலோகம் வெடிபொருளாகவும் இருக்கலாம்.

அடுப்பும் விறகும்: தவறாமல் கவனிக்க வேண்டியவை

- அடுப்புக்குக் குழி தோண்ட வேண்டாம். நிலத்தின் மேல் களிமண்ணால் மேடு கட்டி அதில் கல் வையுங்கள். பழைய குப்பைக் குவியலின் மேல் நெருப்பு மூட்ட வேண்டாம். அடியில் வெடிக்காத பொருள் புதைந்திருக்கலாம்.

- தறப்பாள் எளிதில் தீப்பற்றும். கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் காலத்தில் கொட்டிலுக்குக் கிழக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி அடுப்பை வையுங்கள். வாடைக்காற்றுத் தொடங்கினால் தென்மேற்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அப்போது பொறி கொட்டிலை நோக்கிப் பறக்காது. ஒரு வாளி மணலோ நீரோ பக்கத்தில் இருக்கட்டும்.

- துப்புரவு செய்து ஒப்படைக்கப்பட்ட வளவுக்குள் மட்டும் சிரட்டை, பொச்சு, காய்ந்த மட்டை பொறுக்குங்கள். பதுங்குகுழி, மண் அணை, பாழடைந்த வீடு, ஆள் நடமாட்டம் இல்லாத பற்றை ஆகியவற்றுக்குள் விறகுக்காகப் போக வேண்டாம். பிள்ளைகளை விறகு பொறுக்கத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

- மண்டையோட்டுப் படத்துடன் சிவப்புப் பலகை கண்டால் அதைத் தாண்டக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து கிராம சேவையாளருக்கு அல்லது பொலிசுக்கு அறிவியுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

தேங்காய்ப்பூ சேர்ந்த ரொட்டியைச் சுட்ட அன்றே சாப்பிடுவது நல்லது. மிஞ்சினால் மறுநாள் காலைக்குள் முடித்துவிடுங்கள். புளித்த மணமோ நூல்போன்ற பிசுபிசுப்போ இருந்தால் வீசிவிட வேண்டும்.

வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போவதானால் தேங்காய்ப்பூவை விட்டுவிடுங்கள். 2 கோப்பை மாவுக்கு 6 மேசைக்கரண்டி மாஜரினைப் பிசிறி, சீனியும் ஒரு முட்டையும் சேர்த்து, தேவையென்றால் மட்டும் ஒரு கரண்டி நீர் விட்டுத் திரட்டுங்கள். சுட்டு நன்றாக ஆறிய பின் மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

யாருக்கு எவ்வளவு?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பாலில் அல்லது கொதித்தாறிய நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கஜு கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கக்கூடும். சலரோகம் உள்ளவர்களுக்குச் சீனியை விட்டு, உப்போடு வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சுடலாம். மாவும் முறையும் அதேதான்.

இந்த ரொட்டி பின்னேரப் பசிக்கு உரியது. சோறு, பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிடக் கூடாது. மா விரைவில் தீர்ந்துபோகாமல் இருக்க, கிழமையில் இரண்டு நாள் சுட்டாலே போதும். அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே தணலில் சுட்டால் சிரட்டையும் மிஞ்சும், பிள்ளைகளையும் ஓரிடத்தில் கண்காணிக்கலாம்.