புண் ஆற ஈரம் வேண்டும்!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். பக்கத்து ஊரான ராஜபாளையம் என்றால் வேட்டை நாய்களின் ஞாபகம் வரும். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கும் விசைத்தறி ஓசை! அங்கே பெயர் பெற்றது சேலையல்ல, வேஷ்டியல்ல. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி.

அந்தத் துணியின் உபகாரம் பெரிது. ஆனாலும் அதில் ஒரு சங்கடம் உண்டு. புண்ணில் கசியும் நீர் காய்ந்ததும் துணி ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது குழந்தை வீறிட்டு அழுகிறதே, ஏன்? புதிதாக வளர்ந்த இளந்தோலும் துணியோடு பிய்ந்து வருவதால்தான்.

"புண் நன்றாகக் காயட்டும்" என்பார்கள் நம் பாட்டிமார். பாலை வற்றக் காய்ச்சினால் பால்கோவா கிடைக்கும். புண்ணை வற்றவிட்டால் ஆறுவதுதான் தாமதமாகும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைப் பன்றிகளின் காயங்களில் சோதித்துக் காட்டினார். பாலிதீன் தாளால் மூடி ஈரம் காத்த காயத்தில், காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடியது.

இந்த ஈரத்தைக் காக்க வந்ததுதான் 'ஹைட்ரோஜெல்'. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். சப்ஜா விதையை ஊறப்போட்டால் சுற்றிலும் வழவழவென்று கூழ் கட்டுகிறதல்லவா? அதே தத்துவம்தான். நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும், புண்ணில் ஒட்டாது. இது இன்று மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. எந்தப் புண்ணுக்கு ஏற்றது என்பதை மட்டும் டாக்டர் சொல்ல வேண்டும்.

விஞ்ஞானிகள் அதோடு நிற்கவில்லை. காயம் பட்டதும் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்லத் தீவிரமான ஆக்ஸிஜன் பொருள்களை உமிழ்கின்றன. அடுப்புத் தீயைப் போல, அளவோடு இருந்தால் நன்மை, மீறினால் நாசம். நீரிழிவுக்காரரின் கால் புண்ணில் அந்தத் தீ அணையாமல் நின்று, வளரும் தோலையே வாட்டுகிறது. அதைத் தணிப்பவை 'ஆன்டிஆக்ஸிடன்ட்' பொருள்கள். அவற்றைக் கூழில் சேர்த்துப் பல நாடுகளில் பரிசோதித்து வருகிறார்கள். நம் மஞ்சளில் உள்ள குர்குமினும் அவற்றுள் ஒன்று. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கே 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! இந்தியா ஆட்சேபித்து, 1997-ல் அது ரத்தாயிற்று.

அதற்காக அஞ்சறைப் பெட்டி மஞ்சளைத் திறந்த புண்ணில் அப்பிவிடாதீர்கள். அதில் தூசியும் கிருமியும் இருக்கலாம். சிறு காயமானால் குழாய் நீரில் கழுவி, சுத்தமான, ஒட்டாத கட்டுப் போடுங்கள். சுட்டுக்கொண்டால் உடனே 20 நிமிஷம் குழாய் நீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், தினமும் அவர் பாதங்களைப் பாருங்கள். "வலிக்கவே இல்லையே" என்பார், நம்பிவிடாதீர்கள். உணர்ச்சி மரத்த காலுக்கு வலி தெரியாது. சிறு கொப்புளமானாலும் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காலைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த ஒரு நாள்தான்.