கோடையில் நெல் வாடுது, கம்பு நிக்குது – ஏன்?

பயிருக்குச் சாப்பாடு மண்ணிலிருந்து வருவதாகத்தான் நாம பேசிப் பழகிட்டோம். ஆனால் காய்ந்த பயிரின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கரிமம். அது கிட்டத்தட்ட முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. காற்றில் கரியமில வாயு இருப்பதோ வெறும் 0.04 விழுக்காடு.

இதைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. ரொம்ப மெதுவான வேலையாள். நொடிக்கு மூன்று முதல் பத்து மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். அதனால் இலை இதை ஏராளமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. நெல் இலையில் சேரும் தழைச்சத்தில் கணிசமான பங்கு இந்த ஒரு நொதிக்கே போகிறது. இது வேலை செய்ய மக்னீசியமும் வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. கரியமில வாயு என்று நினைத்து பிராணவாயுவையும் பிடித்துவிடும். வெயில் ஏறி, தண்ணீர் குறைந்து, இலைத்துளைகள் மூடிக்கொண்டால் இந்தத் தவறு கூடும். சேர்த்த கரிமத்தில் ஒரு பங்கு வீணாக வெளியேறும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். நெல், உளுந்து, நிலக்கடலை, பருத்தி எல்லாவற்றுக்கும் இந்த இழப்பு உண்டு.

கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறு வழி வைத்திருக்கின்றன. இவற்றில் பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி முதலில் கரியமில வாயுவைப் பிடிக்கிறது. அது பிராணவாயுவிடம் ஏமாறாது. பிடித்ததை இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் அனுப்பி, அங்கிருக்கும் ரூபிஸ்கோவுக்குத் திகட்டத் திகட்ட ஊட்டுகிறது. இலைத்துளை பாதி மூடினாலும் வேலை நிற்காது, தண்ணீரும் மிச்சம். கரும்பில் நடக்கும் இந்த வழியை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் விளக்கினார்கள். முதலில் உருவாவது நான்கு கரிமம் கொண்ட அமிலம் என்பதால் இவை சி4 பயிர்கள்.

குளத்துப் பாசிகள் பலவும் ரூபிஸ்கோவை ஓரிடத்தில் குவித்து, கரியமில வாயுவை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன.

நம்ம வயலுக்கு இதில் என்ன இருக்கு?

• தண்ணீர் குறைவான கோடைக்குச் சிறுதானியமே பொருத்தம்.

• இந்த வழிக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். மர நிழலில் சோளம் வேண்டாம்; மஞ்சள், இஞ்சி போடலாம்.

• அறுகும் கோரையும் சி4தான். வெயிலில் நெல்லை முந்திவிடும். முதல் களையைத் தள்ளிப்போடாதீங்க.

• மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், இலைத்துளை திறந்திருக்கும், ரூபிஸ்கோ தவறுவது குறையும்.

• வைக்கோலையும் தட்டையையும் கொளுத்தாதீங்க. ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடித்துச் சேர்த்த கரிமம் ஒரு மணி நேரத்தில் காற்றுக்கே போய்விடும். மாட்டுக்குப் போடுங்க, இல்லையென்றால் மண்ணுக்குக் கொடுங்க.