சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் போதுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்கள் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லும்போது, அதற்குக் காரணமாக எல்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்தையும் சேர்த்துக்கொள்வது உண்டு. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்பதன் சுருக்கம் அது. எஞ்சினை ஓட்டிக் காட்டலாம், டயரைத் தட்டிப் பார்க்கலாம். இந்த உறுப்போ எண்ணெயில் மூழ்கி, இரும்புக் கூட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. அதனால் வாங்குபவர் காரை ஜாக்கியில் தூக்கி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார். மறுபக்கச் சக்கரம் அதே திசையில் சுற்றினால் எல்.எஸ்.டி. இருக்கிறது, எதிர்த்திசையில் சுற்றினால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான வெள்ளியை எண்ணிக் கொடுக்கக் கூடாது. அது இருப்பதை இல்லையென்றும், இல்லாததை இருக்கிறதென்றும் சொல்லக்கூடியது. எந்த வகை டிஃபரன்ஷியலைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் சோதனையைச் செய்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

வளைவில் திரும்பும் காரின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால் டயர் தேயும், வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பற்சக்கரத் தொகுதிக்கு 1827இல் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். நீராவி வண்டிக்காக அவர் வகுத்த அமைப்பே இன்றைய சாதாரண டிஃபரன்ஷியலுக்கும் அடிப்படை. அதன் பலவீனத்தை மாட்டு வண்டியின் நுகத்தடியில் காணலாம். நடுவில் அச்சிட்ட நுகத்தடி இரு மாட்டின் இழுப்பையும் சமமாகவே ஏற்கும். ஒரு மாடு தளர்ந்தால் மற்றதன் பலம் நுகத்தைச் சாய்ப்பதற்குத்தான் போகும், வண்டியை நகர்த்தாது. டிஃபரன்ஷியலும் இரு சக்கரத்துக்கும் சம அளவு முறுக்குவிசையையே தருகிறது. பிடிப்பு குறைந்த சக்கரம் எவ்வளவு ஏற்கிறதோ, அவ்வளவுதான் பிடிப்புள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இயங்கு சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 300 கிலோ எடை இருக்கிறது; ஒன்று காய்ந்த தாரில், மற்றது மழை நீர் தேங்கிய வெள்ளைக்கோட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பக்கத்தின் உராய்வுக் கெழு 0.8, ஈரப்பக்கத்தில் 0.2 என்றால் முதல் சக்கரம் 240 கிலோ வரை தள்ள முடியும், இரண்டாவது 60 கிலோதான். சாதாரண டிஃபரன்ஷியலில் மொத்தத் தள்ளுவிசை 60ம் 60ம் சேர்ந்து 120 கிலோ. பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரண்டரை மடங்கு வரை விசையைத் திருப்பிவிடும் எல்.எஸ்.டி. இருந்தால் 60ம் 150ம் சேர்ந்து 210 ஆகிறது. இரு சக்கரத்தையும் கிட்டத்தட்டப் பூட்டிவிடும் வகையில் 300 வரை போகலாம். எஞ்சினில் ஒரு குதிரைசக்திகூடக் கூட்டாமல் கிடைக்கும் ஆதாயம் இது. இந்த மூன்று எழுத்துக்கு விலை இருப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் ‘எல்.எஸ்.டி.’ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு விதமாக இயங்கும் கருவிகள் அடங்கியிருக்கின்றன. 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின்சக்கரங்கள் வீணாகச் சுழன்றதைத் தடுக்க ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் உருவாக்கியது ஒரு வகை. உராய்வுத் தகடுகளை அடுக்கிச் செய்யும் பிளேட் வகை அதன் வழியில் வந்தது. அதை ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு இறுக்கி வைத்திருக்கும். 1958இல் அமெரிக்காவின் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற டோர்சன் இன்னொரு வகை. சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று நெருக்கி உராய்வதால் விசை இடம் மாறுகிறது. ஹோண்டாவின் டைப் ஆர் கார்களில் வந்த ஹெலிக்கல் எல்.எஸ்.டி.யும் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. மூன்றாவது விஸ்கஸ் வகை: கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் மெல்லிய தகடுகள் சுழலும்; இரு பக்க வேகமும் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் கூடும். இவற்றில் பற்களால் இயங்கும் வகைக்கு ஒரு குணம் உண்டு. அது விசையைப் பெருக்கித் தருகிறதே தவிர, தானாக உண்டாக்குவதில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது ஏற்கும் விசை பூஜ்யம்; பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஜாக்கியில் நிற்கும் காரில் நல்ல ஹெலிக்கல் எல்.எஸ்.டி. ஏறக்குறையச் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்வது இதனால்தான்.

சோதனைக்குப் போகுமுன் காகிதத்தை ஏன் நம்ப முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1997இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அதாவது இ.கே.9, தொழிற்சாலையிலேயே ஹெலிக்கல் எல்.எஸ்.டி.யோடு வந்தது. 2007இல் மலேசியாவில் ஹோண்டா நிறுவனமே விற்ற எஃப்.டி.2 டைப் ஆரிலும் அது உண்டு. ஆனால் இங்கே ஓடும் டைப் ஆர் சின்னங்கள் எல்லாம் அந்தக் கார்களில் இல்லை. சாதாரண சிவிக்கில் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட்டின், அதாவது வெட்டி எடுத்த கார் முன்பாதியின், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றி, சிவப்புச் சின்னம் பதிப்பது இங்கே நீண்ட நாள் வழக்கம். முன்சக்கர இயக்கக் காரில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், ஹாஃப்கட்டோடு எல்.எஸ்.டி.யும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. பின்சக்கர இயக்கக் காரில் கதை வேறு: முன்பாதியை வெட்டி வாங்கினால் பின் ஆக்சில் ஜப்பானிலேயே நின்றுவிடும். கெரான் எனும் பதிவு அட்டையில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இருக்கும், கியர்பாக்ஸுக்கு எண் கிடையாது. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையும் அந்த எண்களையும் பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றையும் பார்ப்பதற்கானது. டிஃபரன்ஷியலுக்குள் என்ன இருக்கிறது என்பது அதன் வேலை அல்ல. ஆக, எஞ்சின் மாறினால் பதிவில் தடயம் இருக்கும், எல்.எஸ்.டி. உள்ள கியர்பாக்ஸைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு வேறொன்றை மாட்டினால் அரசாங்கத் தாளில் ஒரு கோடுகூட மாறாது.

காகிதத்தில் உதவும் தகவலே இல்லை என்றும் சொல்ல முடியாது. பழைய டொயோட்டாக்களின் அடையாளத் தகட்டில் ஆக்சிலுக்கு ஒரு குறி பொறித்திருக்கும். ஏ.இ.86 கொரோலாவில் அது டி282 என்றிருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல், டி283 என்றிருந்தால் எல்.எஸ்.டி.; கடைசி எண் 2ஆ 3ஆ என்பதில்தான் வித்தியாசம். எனினும் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிலையைத்தான் அந்தத் தகடு சொல்லும். நாற்பது வயதை ஒட்டிய காரில் இடையில் யார் எதை மாற்றினார்கள் என்று அதற்குத் தெரியாது.

இனி சக்கரச் சோதனை. இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, கியரை நியூட்ரலில் விடுவது. நியூட்ரலில் டிஃபரன்ஷியலின் கூடு தாராளமாகச் சுழலலாம். உள்ளே இருக்கும் பற்கள் எண்ணெய்ப் பிசுக்கில் சற்று இறுகியிருந்தால்கூடப் போதும், கூடு முழுவதும் சேர்ந்து சுழன்று மறு சக்கரமும் அதே திசையில் திரும்பும். எல்.எஸ்.டி. இல்லாத காருக்கு இருக்கிறது என்ற சான்று அங்கே கிடைத்துவிடுகிறது. எஞ்சினை அணைத்து, இரு இயங்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரைப் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க். கூடு அசையாமல் பிடிபட்ட பிறகு ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்று மறு சக்கரம் எதிர்த்திசையில் அதே வேகத்தில் போனால், அது சாதாரண டிஃபரன்ஷியலாக இருக்கலாம், ஹெலிக்கலாக இருக்கலாம், தகடுகள் தேய்ந்து செத்துப்போன பிளேட் வகையாகவும் இருக்கலாம். மெதுவாகச் சுற்றினால் இடம் கொடுத்து, வேகமாகச் சுற்ற முயன்றால் முரண்டு பிடித்தால் உயிருள்ள விஸ்கஸ். கை பலத்துக்கு அசையவே இல்லையென்றால் நல்ல பிளேட் வகை, அல்லது வெல்டிங் வைத்துப் பூட்டிய டிஃபரன்ஷியல். இந்தக் கடைசி சாத்தியம் வெறும் கற்பனை அல்ல. டி.எக்ஸ். என்று அழைக்கப்படும் கே.இ.70 கொரோலாவை டிரிஃப்ட் காராக மாற்றுகிறவர்கள் எல்.எஸ்.டி.க்குச் செலவிடாமல் உள்பற்களை வெல்டிங் வைப்பது உண்டு. அப்படிப்பட்ட கார், வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஊர்ந்தாலே டயர் கிறீச்சிட்டுத் துள்ளும். ஒரு எச்சரிக்கை: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்கவே கூடாது. எல்.எஸ்.டி. இருந்தால் தரையில் நிற்கும் சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

சாலையில் விழும் இரட்டைக் கறுப்புக்கோடும் சான்று ஆகாது. காய்ந்த, சமதளமான தாரில் இரு டயருக்கும் ஒரே பிடிப்பு. சாதாரண டிஃபரன்ஷியல் சமமாகத்தான் விசை தருகிறது என்பதால் இரண்டும் ஒன்றாக வழுக்கி இரு கோடு போட முடியும். கே.இ.70 போன்ற ஒரே துண்டான பின் ஆக்சில் உள்ள காரில் எஞ்சினின் முறுக்கு ஆக்சிலையே திருகி வலச்சக்கரத்தின் எடையைக் குறைப்பதால் ஒற்றைக்கோடு விழலாம், அவ்வளவே. இதைவிட நல்ல சோதனை, பிடிப்பு சமமில்லாத நிலையில் பார்ப்பது: பொதுச்சாலையை விட்டு வெற்றுத் திடலில், இறுக்கமான வட்டத்தில் மெதுவாகத் திரும்பியபடி ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் எடை குறைந்த உட்சக்கரம் சுழன்று எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறும், கார் முன்னே போகாது. ஹெலிக்கல் இருந்தால் மூக்கு வளைவுக்குள் இழுபடும், ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

எல்லா ஐயத்தையும் தீர்ப்பது கண். ஹோண்டா போன்ற முன்சக்கர இயக்கக் காரில் கியர் ஆயிலை வடித்து, இரு பக்க டிரைவ்ஷாஃப்டையும் உருவி, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கே ஓர் எஃகுத் தண்டு மறித்து நின்றால் அதில்தான் சிறு பினியன்கள் கோத்திருக்கின்றன; அது ஹெலிக்கல் அல்ல. தண்டு இல்லாமல் வெளிச்சம் மறுபக்கம் வரை தெரிந்தால் ஹெலிக்கல்தான். பிளேட் வகையிலும் குறுக்குத் தண்டு இருப்பதால் இந்தப் பார்வையைச் சக்கரச் சோதனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: தண்டும் இருந்து, சக்கரமும் கைக்கு அசையாவிட்டால் பிளேட். வடித்த எண்ணெயில் இரும்புத் தூள் மின்னினால் அதுவும் ஒரு சேதி. பிளேட் வகையின் நலத்தை அளக்க, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்கி, எஞ்சினை அணைத்துக் கியரை நியூட்ரலில் வைத்து, டார்க் ரெஞ்சால் திருப்ப எவ்வளவு விசை தேவை என்று பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடலாம்.

இவ்வளவும் எதற்கு, இன்றைய கார்களில் கணினியே வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து இதே வேலையைச் செய்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்தப் பிரேக் விசை சாதாரண டிஃபரன்ஷியலை ஏமாற்றி மறு சக்கரத்துக்கும் விசையை அனுப்புகிறது. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். ஆனால் அது எஞ்சின் தந்த சக்தியைப் பிரேக்கில் சூடாக எரிக்கிறது. செப்பாங் பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று அப்படி எரித்தால் பிரேக்தான் முதலில் களைக்கும். அதோடு, நாம் பேசும் பழைய கார்கள் பலவற்றில் அந்தக் கணினியும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்பவருக்கு எல்.எஸ்.டி. எதற்கு என்பது அடுத்த கேள்வி. அந்த ஓட்டத்துக்கு அது தேவையில்லைதான். என்றாலும், இருக்கிறதா இல்லையா என்று அறிவது அங்கும் முக்கியம். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் கோலாலம்பூர். மாலை மழையில் பின்சக்கர இயக்கக் காரின் ஆக்சிலரேட்டரை வளைவில் அதிகமாக மிதித்தால், சாதாரண டிஃபரன்ஷியலில் உட்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். வெளிச்சக்கரம் பின்பகுதியைப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும். இறுக்கமான பிளேட் எல்.எஸ்.டி.யிலோ வெல்டிங் வைத்ததிலோ இரண்டும் ஒன்றாகப் பிடி விடும், வால் வெளியே வீசும். புதிதாக ஓட்டுரிமம் பெற்ற பிள்ளைக்கு வாங்கித் தரும் காரில் உள்ளே இருப்பது எது என்று தெரியாமலிருப்பது விலை சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் அல்ல.

அந்நியர் ஒருவர் காரைக் கழற்ற எந்த விற்பனையாளர் விடுவார் என்ற தடை மிச்சம். வாங்குபவர் நம்பும் ஃபோர்மன் இருக்கும் வொர்க்‌ஷாப்பில், வாங்குபவர் செலவில், புதிய கியர் ஆயிலும் புதிய ஆயில் சீலும் போட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்கலாம். பழைய காருக்கு அந்த எண்ணெய் மாற்றம் எப்படியும் நல்லது, உள்ளே எல்.எஸ்.டி. இருந்தால், பார்த்ததைப் படமெடுத்துக் கொடுப்பது விற்பவருக்கே ஆதாயம். அப்படியும் அவர் மறுத்தால் சண்டை தேவையில்லை. எல்.எஸ்.டி. இல்லாத அதே காருக்குச் சந்தையில் என்ன விலையோ, அந்த விலையைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடரலாம்.