உங்களுக்குத் தெரியுமா? இல்லாத எடைக்கும் விமானக் கட்டணம்!

ஒரு கன மீட்டர் பெட்டி நிறைய நெல்பொரியை விமானத்தில் அனுப்பினால், தராசு எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் 167 கிலோவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் விலை உண்டு!

• அதே பெட்டியில் அரிசி என்றால் நிஜ எடைக்கே கட்டணம். ஆனால் அரிசியைப் பொதுவாக விமானத்தில் ஏற்றுவதில்லை, கட்டுப்படியாகாது. இருபது அடி கன்டெய்னர் ஒன்றில் ஏறக்குறைய 25 டன் கப்பலேறிவிடும்.

• மல்லிகைக்குக் கப்பல் உதவாது. திருச்சி விமான நிலையத்திலிருந்து பூவும் காய்கறியும் சிங்கப்பூர், மலேசியாவுக்குச் சில மணி நேரத்தில் பறக்கின்றன.

• கப்பல் பயணம் ஒரு காலத்தில் எவ்வளவு நீண்டது என்பதற்குச் சாட்சி, திருக்கடையூருக்குத் தெற்கே அருகிலுள்ள தரங்கம்பாடி. மிளகு வணிகத்தைத் தேடி 1618 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பிய டேனிஷ் கப்பல்கள் இலங்கை வழியாக இந்தக் கரைக்கு வந்தது 1620-ல். அந்த ஆண்டே தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை! இன்று சூயஸ் கால்வாய் வழியே போனால் ஐரோப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் சில வாரங்கள்தான்.

• உலக வணிகச் சரக்கில் விமானம் சுமப்பது எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மதிப்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பலகாரம் அனுப்புவோர் கவனத்துக்கு: பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்துப் பாருங்கள். கூரியர் என்றால் பெரும்பாலும் 5,000. வரும் எண் தராசு எடையைவிட அதிகமென்றால், சின்னப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.