ஒரே மில், மூன்று இலாபம்: இயந்திரத்தின் ஆயுளை முடிவு செய்வது யார்?

வருமான வரி விவரத்திரட்டை ஒப்படைக்க நவம்பர் 30 கடைசி நாள். மார்ச் 31இல் முடிந்த ஆண்டின் கணக்குகளைப் பலர் இந்த வாரங்களில்தான் முதன்முறையாகக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். வாசகர் கடிதங்களும் அதனால்தான் குவிகின்றன. முரசுமோட்டைப் பக்கமிருந்து வந்தவற்றில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நேற்றும் நெல்லுக் குத்திய மெசினுக்கு ஐந்தொகையில் ஏன் பூச்சியம் போட்டிருக்கிறார்கள்? வருடா வருடம் பெறுமானத்தேய்வு என்று கழித்த காசு எங்கே போனது?

இரண்டாவதற்குப் பதில் சுருக்கமானது. அந்தக் காசு எங்கும் போகவில்லை, எங்கும் சேரவும் இல்லை. மெசின் வாங்கிய அன்றே பணம் கைமாறிவிட்டது. அந்தச் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுவதுதான் தேய்வு. புது மெசின் வாங்க வேண்டுமென்றால் அதற்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். கணக்கு அதைத் தானாகச் செய்து தராது.

முதல் கேள்விதான் விவகாரமானது. மீள்மதிப்பீடு செய்யாத சொத்து என்றால், ஐந்தொகையில் 'ஆதனம், பொறி, உபகரணம்' என்ற வரிக்கு நேரே நிற்பது சந்தை விலை அன்று. வாங்கிய செலவில் இன்னும் செலவாக எழுதப்படாமல் மிஞ்சிக் கிடக்கும் பகுதி அது. எவ்வளவு மிஞ்சும் என்பது, அந்தப் பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்று பணிப்பாளர் சபை முன்கூட்டியே சொன்ன கணிப்பைப் பொறுத்தது. மெக்கானிக்கும் பொறியியலாளரும் மெசினைப் பார்த்துச் சொல்லும் ஆயுள் வேறு, ஏட்டில் எழுதிய ஆயுள் வேறு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அரிசி ஆலை 1 கோடியே 20 இலட்சம் ரூபாவுக்கு இயந்திரங்கள் வாங்குகிறது என்று வையுங்கள். தேய்வைக் கழிக்கும் முன் அந்த ஆண்டில் 15 இலட்சம் மிஞ்சுகிறது. ஆயுள் 10 வருடம் என்றால் தேய்வு 12 இலட்சம், இலாபம் 3 இலட்சம். 20 வருடம் என்றால் தேய்வு 6 இலட்சம், இலாபம் 9 இலட்சம். குத்திய நெல்லு அதேதான், கல்லாவில் உள்ள காசும் அதேதான்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு இந்த இரண்டு ஆயுளும் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் உற்பத்தி இயந்திரங்களுக்கு 5 வருடம் என்றும் கட்டடங்களுக்கு 20 வருடம் என்றும் தானே வரையறுத்துவிட்டது. கணக்கிலுள்ள தேய்வை ஒதுக்கிவிட்டு அதற்குப் பதிலாகச் சட்டம் சொல்லும் ஆயுளின்படி வரும் 'மூலதனப் படி'யைக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தால் ஆண்டுக்கு 24 இலட்சம் போகும். வரிக் கணக்கில் ஆலைக்கு 9 இலட்சம் நட்டம். ஆக, ஒரே மில்லுக்கு ஒரே ஆண்டில் 3 இலட்சம் இலாபம், 9 இலட்சம் இலாபம், 9 இலட்சம் நட்டம். மூன்றும் சட்டப்படி சரி. கணக்காளர் 'பிற்போடப்பட்ட வரி' என்று ஒரு வரி எழுதுவதற்கு முக்கியக் காரணம், ஏட்டுக்கும் வரிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிதான்.

எனக்குக் கவலை தருவது அடுத்த படி. 2012 முதல் சர்வதேச முறையோடு ஒத்துப்போகும் இலங்கைக் கணக்கீட்டு நியமங்களில் 16ஆவது, பயன்தரு ஆயுட்காலத்தை ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் மீளாய்வு செய்யச் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஆயுளை மாற்றினால் பழைய ஆண்டுகளின் கணக்கைத் திருத்த வேண்டியதில்லை. இந்த ஆண்டிலிருந்து புது வீதத்தில் போனால் போதும். இலாபம் மெலிந்த ஆண்டில் ஆயுளை நீட்டினால், ஒரு மூட்டை அரிசிகூட அதிகமாக விற்காமலே இலாபம் கொழுத்துவிடும். நியாயமான காரணத்தோடு நீட்டுபவர்களும் உண்டு. முன்பக்கத்து இலாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதன் மறுபக்கத்தை அரச நிறுவனங்களில் காணலாம். முற்றாகத் தேய்த்து முடித்த சொத்துகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன, அவற்றின் ஆயுள் மீளாய்வு செய்யப்படவில்லை என்று கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் நிறுவனம் நிறுவனமாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. முன்னைய ஆண்டுகளில் செலவை மிகையாக எழுதிவிட்டு, இப்போது தேய்வே இல்லாமல் கணக்குக் காட்டுகிறார்கள் என்பதே அதன் பொருள். "இலாபத்துக்குத் திருப்பிவிட்டோம்" என்று ஓர் அதிகாரி மேடையில் சொன்னால், தேய்வுச் செலவு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

மில் பூட்டிக் கிடந்தால் தேய்வு நிற்குமா? காலக் கணக்கில் தேய்த்தால் நிற்காது. பாவனைக் கணக்கில் தேய்த்தால், வேலை இல்லாத நாளில் தேய்வும் இல்லை. காலபோகத்திலும் சிறுபோகத்திலும் சில வாரங்கள் மட்டும் வயலில் இறங்கும் நெல் வெட்டும் மெசினுக்கு ஏக்கர் அல்லது மணித்தியாலக் கணக்கே உண்மைக்குக் கிட்ட நிற்கும். நியமம் அதை அனுமதிக்கிறது.

நிரந்தரமாகப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு முரசுமோட்டைக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் தொடங்கி 1985இல் போரினால் நின்றது. அந்தப் பெயரைக் கொண்ட அரச நிறுவனம் பின்னர் குளோரினை இறக்குமதி செய்து விற்று வந்தது. இத்தகைய இடத்தில் நியமம் சொல்வது தெளிவானது: இனிப் பயன் தராத பொறியை ஏட்டிலிருந்து நீக்க வேண்டும். மிஞ்சுவது காணி. காணிக்குத் தேய்வு இல்லை. வாங்கிய விலையிலேயே விட்டால் அரை நூற்றாண்டுக்கு முந்திய தொகை நிற்கும். மீள்மதிப்பீடு செய்தால் ஒரு போத்தல் குளோரின்கூட உற்பத்தி செய்யாமலே நிறுவனம் பணக்கார நிறுவனமாகத் தெரியும். அந்த ஏற்றம் ஒதுக்கத்துக்குத்தான் போகும், இலாபத்துக்கு வராது. ஒரு காணியை மட்டும் பொறுக்கி எடுத்து மதிப்பிடவும் முடியாது. அந்த வகுப்பு முழுவதையும் மதிப்பிட வேண்டும். ஆலையை மீள இயக்குவோம் என்று அரசாங்கங்கள் மாறி மாறித் தந்த வாக்குறுதிகளுக்கு ஐந்தொகையில் இடமில்லை.

ஏனைய கேள்விகள்:

2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்றில் மெசின் மூழ்கினால்? தேய்வு முடியும்வரை காத்திருக்காமல், இழந்த பெறுமதியை அந்த ஆண்டிலேயே நட்டமாக எழுத வேண்டும்.

மில் நிற்பது பணிப்பாளரின் பெர்மிட் காணியில். அது நிறுவனத்தின் சொத்தா? காணி இல்லை, நிறுவனத்தின் காசில் எழுப்பிய கட்டடத்தைப் பற்றிய எழுத்துமூல உடன்பாட்டைக் கணக்காளரிடம் காட்டுங்கள்.

லீசிங்கில் எடுத்த ட்ரக்டர்? ஐந்தொகையில் ஏறும், எதிர்ப்பக்கத்தில் கடனும் ஏறும்.

மீள்மதிப்பீட்டில் கூடிய தொகைக்கு மூலதனப் படி உண்டா? இல்லை, செலவிட்ட தொகைக்கு மட்டுமே.

தென்னையும் மாடும்? தென்னை மரம் 16ஆவது நியமத்தில். மரத்தில் நிற்கும் தேங்காயும் கறவை மாடும் 41இல்.

சிறிய நிறுவனங்களுக்கும் இதேயா? அவற்றுக்குத் தனி நியமம் உண்டு, தர்க்கம் இதுவே.

ஒரு பக்கம்தான் வாசிக்க நேரம் இருந்தால்? கணக்குகளுக்கான குறிப்புகளில் தேய்வு வீதங்கள் உள்ள பக்கத்தை எடுங்கள். சென்ற ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீதம் மாறியிருந்தால், ஏன் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பங்குதாரருக்கு அந்த உரிமை உண்டு.