96 ஆடுகளும் 15 நிமிடமும்

"சாமி கும்பிடக்கூட நேரம் இல்லை" என்று சொல்லாத ஆளே இன்றைக்கு இல்லை. ராத்திரி அமெரிக்காவுடன் மீட்டிங் போடுகிற ஐடிக்காரர் மட்டுமல்ல, எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக்குத் தண்ணி பாய்ச்சுகிறவரும் இதையேதான் சொல்கிறார். ஆனால் தை மாதம் ஜல்லிக்கட்டு அன்றைக்கு முனியாண்டி கோயிலில் ஊரே நிற்கும். சித்திரையில் கள்ளழகர் மதுரைக்குப் புறப்பட்டால் லீவு போட்டுவிட்டுப் போகிறோம். வருஷத்துக்கு ஒருநாள் என்றால் நேரம் தானாக வந்துவிடுகிறது. தினமும் என்றால்தான் இடிக்கிறது.

இது இந்தக் காலத்துச் சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதன் பெயர் நந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு.

விளக்கு வைக்க ஆசைப்பட்டவர்களில் அரசியர் உண்டு, அதிகாரிகள் உண்டு, வணிகர்கள் உண்டு. யாராலும் தினமும் கோயிலுக்கு வந்து நெய் ஊற்ற முடியாது. அவர்கள் செய்தது இதுதான்: கோயிலுக்கு ஆடுகளைக் கொடுத்தார்கள். கோயில் அவற்றை ஒரு இடையரிடம் ஒப்படைத்தது. அவர் தினமும் குறிப்பிட்ட அளவு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. தினம் ஒரு உழக்கு நெய். மற்ற ஊர்களில் இந்தத் தொகை கொஞ்சம் கூடும், குறையும்.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு! ஏதோ மந்திர ஆடு என்று நினைக்க வேண்டாம். கிழ ஆடு செத்தால் அந்த இடத்துக்கு ஒரு குட்டி வந்துவிடும். எண்ணிக்கை மட்டும் எப்போதும் 96. தனித்தனி ஆடு சாகும், மந்தை சாகாது.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 365 உழக்கு நெய். அதை 96 ஆட்டுக்குப் பிரித்தால் ஒரு ஆட்டின் பங்கு நான்கு உழக்குக்கும் குறைவு. நான்கு உழக்கு ஒரு நாழி. அதாவது ஒரு ஆட்டிடம் வருஷம் முழுக்கக் கேட்டது ஒரு நாழி நெய்கூட இல்லை. எல்லா ஆடும் ஒரே நேரத்தில் பால் கறக்காது, கோடையில் மேய்ச்சலும் குறையும். அப்போதும் விளக்கு அணையக்கூடாது. கேட்கிற அளவு சின்னதாக இருந்தால்தான் மோசமான மாதத்திலும் அதைக் கொடுக்க முடியும்.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். மார்கழி ஒன்றாம் தேதி உற்சாகத்தில் "இனிமேல் தினமும் ஒரு மணி நேரம்" என்று ஆரம்பிக்கிறோம். நல்ல நாளை வைத்து அளவை முடிவு செய்கிறோம். மோசமான நாள் வந்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், பொறுப்பு. எங்கள் வேலையில் ஒரு சர்வர் விடாமல் ஓட வேண்டுமென்றால் யாருடைய ஆர்வத்தையும் நம்ப மாட்டோம். இன்றைக்கு யார் பார்க்கிறார்கள், அவர் இல்லையென்றால் யார் என்று எழுதி வைத்துவிடுவோம். தஞ்சைக் கல்வெட்டிலும் அதுதான். எந்த இடையரிடம் எத்தனை ஆடு, அவரோடு பொறுப்பேற்ற உறவினர் யார் என்று பெயர்களோடு கல்லில் இருக்கிறது.

இந்த முறை இன்றைக்கும் வேறு உருவத்தில் நடக்கிறது. தமிழக அறநிலையத் துறையின் 'ஒரு கால பூஜைத் திட்டம்' கேள்விப்பட்டிருப்பீர்கள். வருமானம் இல்லாத கோயில் ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு வைப்புநிதி. அதன் வட்டியில் தினம் ஒரு வேளையாவது பூஜை. 2022-இல் 12,959 கோயில்களுக்கு இந்த வைப்புநிதியை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். முதலைத் தொடக்கூடாது, வட்டி விளக்கேற்றும். சாவா மூவாப் பேராடு இப்போது வங்கியில் மேய்கிறது, அவ்வளவுதான்!

சரி, இதையெல்லாம் நம் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 96 துண்டு வரும். இது தற்செயல்தான், இதில் ரகசியம் எதுவும் தேட வேண்டாம். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல். 96-இல் ஒன்று, 15 நிமிடம். அதுவும் முடியாதென்றால் ஐந்து நிமிடம் வையுங்கள். காய்ச்சல் வந்த நாளிலும், ரிலீஸ் நாளிலும் கொடுக்க முடிகிற அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அதைத் தனியாகத் தொங்கவிடாமல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள். காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடியரிசித் திட்டத்தின் சூட்சுமம் அதுதான். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தர்மத்துக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம், சமையல் எப்படியும் நடக்கும். குளித்தவுடன், லேப்டாப் திறப்பதற்கு முன், வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன் என்று எதோடு வேண்டுமானாலும் கட்டலாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வைத்துவிடுங்கள். "இன்னைக்கு விளக்கேத்தலையா?" என்று கேட்க ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆடு கொடுத்தவர் தன் நேரத்தையா கொடுத்தார்? செல்வத்தைத்தானே கொடுத்தார்? உண்மைதான். கைப்பிழையாக ஒருவரைக் கொன்றுவிட்டு, அதற்குப் பரிகாரமாக விளக்கு வைத்தவர்களும் கல்வெட்டில் இருக்கிறார்கள். விளக்கு எரிந்தது என்பதற்குத்தான் கல் சாட்சி, மனசுக்கு இல்லை. இன்றைக்கு ஆன்லைனில் வருஷம் முழுவதுக்கும் அர்ச்சனைக்குப் பணம் கட்டுவதும் இப்படித்தான். தப்பில்லை, ஆனால் அது ஆடு கொடுப்பது மட்டும்தான்.

தினமும் கடவுளுக்கு நேரம் கொடுத்தவர் அந்த இடையர். பால் கறந்து, தயிராக்கி, கடைந்து, உருக்கி, ஒரு உழக்கு அளந்து ஊற்றியவர். அவருக்கு இது பக்தியா, வெறும் கடமையா, தெரியாது. சில நாள் சலித்துக்கொண்டும் போயிருப்பார். போனார் என்பதுதான் முக்கியம். நம் வீட்டு விளக்குக்கு ஆடு கொடுப்பவரும் நாமே, நெய் அளப்பவரும் நாமே. முதல் வேலையைச் செய்ய ஒருநாள் உற்சாகம் போதும். இரண்டாவது வேலை மனசு ஒட்டாத நாளிலும் நடக்க வேண்டியது.