டோனி ஹாக் கேம் முதல் மாமல்லபுரம் வரை: ஸ்கேட்போர்டிங் வீடியோ கேம்கள் என்ன செய்தன?

டோனி ஹாக் என்கிற பெயரை நீங்கள் முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்? பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் ஒரு வீடியோ கேமில்தான் இருக்கும். நீங்கள் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ, இடுக்கியின் மூணாறு, குமுளி பக்கமோ வளர்ந்தவர் என்றால், நிஜ ஸ்கேட்போர்டைத் தொடுவதற்கு முன்பே 'ஆலி', 'கிக்ஃபிளிப்', 'கிரைண்ட்' எல்லாம் உங்கள் விரலுக்குப் பழகியிருக்கும்.

பலகையே கண்ணில் படாத ஊருக்கு இந்தச் சொற்கள் எப்படி வந்து சேர்ந்தன? அதனால் நமக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? பார்ப்போம்.

டோனி ஹாக்கிற்கு முன்பு கேம்களே இல்லையா?

இருந்தன. 1986இல் அட்டாரி கேம்ஸ் '720 டிகிரி' என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. 1987இல் எபிக்ஸ் நிறுவனத்தின் 'கலிஃபோர்னியா கேம்ஸ்' வந்தது. அதில் அலைச்சறுக்கு, பிஎம்எக்ஸ் சைக்கிளோடு ஸ்கேட்போர்டும் ஒரு போட்டி. 1997இல் சேகா 'டாப் ஸ்கேட்டர்' கொண்டுவந்தது. அதை நிஜப் பலகை மாதிரியான ஒன்றின் மேல் ஏறி நின்றுதான் ஆட வேண்டும்.

ஆனால் இவை எதுவும் ஸ்கேட்டிங்கைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கவில்லை. அதற்கு 1999 வரவேண்டியிருந்தது.

1999இல் என்ன நடந்தது?

இரண்டு விஷயங்கள் ஒரே ஆண்டில் நடந்தன. ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில், டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி, அதாவது 900 டிகிரி திரும்பி, விழாமல் தரையிறங்கினார். பல முயற்சிகள் தவறிய பிறகு கிடைத்த வெற்றி அது. அதே ஆண்டில் 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' பிளேஸ்டேஷனில் வெளியானது. உருவாக்கியது நெவர்சாஃப்ட், வெளியிட்டது ஆக்டிவிஷன்.

விற்பனைப் பங்குக்குப் பதிலாக ஒரே தடவையில் மொத்தமாகத் தனக்கு 5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்றும், அதை மறுத்து விற்பனையில் பங்கு கேட்டதாகவும் ஹாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல முடிவுகளில் ஒன்று அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்!

அந்த கேம் ஏன் அவ்வளவு பிடித்தது?

ஒரு சுற்று 2 நிமிடம்தான். அதற்குள் புள்ளிகள் சேர்க்க வேண்டும், 'ஸ்கேட்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைப் பொறுக்க வேண்டும், ஒளித்து வைத்த வீடியோ டேப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றால் உடனே மறுபடி ஆரம்பிக்கலாம். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சொல்லிச் சொல்லியே இரவு போய்விடும்.

2000இல் வந்த இரண்டாம் பாகம் 'மேனுவல்' என்பதைச் சேர்த்தது. இரண்டு சக்கரத்தில் மட்டும் பேலன்ஸ் செய்தபடி ஒரு வித்தையிலிருந்து அடுத்ததற்குப் போவது. 2001இன் மூன்றாம் பாகம் 'ரிவர்ட்' என்ற திருப்பத்தைச் சேர்த்தது. இவை வந்த பிறகு மொத்த மைதானத்தையும் ஒரே தொடர்ச்சியாக ஆடி முடிக்க முடிந்தது.

இன்னொரு காரணம் பாட்டு. கோல்ட்ஃபிங்கர் போன்ற பங்க் இசைக்குழுக்களை அமெரிக்காவுக்கு வெளியே பலர் கேட்டதே இந்த கேம் வழியாகத்தான். நம்மில் பலருக்கு அந்தப் பாட்டின் வரி புரிந்திருக்காது. ட்யூன் மட்டும் இன்றும் மறக்கவில்லை, இல்லையா?

பிறகு ஏன் சரிந்தது?

ஆண்டுக்கு ஒன்று என்று வெளியிட்டதில் சலிப்பு வந்தது. 2007இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'ஸ்கேட்' என்ற போட்டி கேமை இறக்கியது. அதில் பட்டன் தட்டினால் வித்தை வராது. கட்டுப்பாட்டுக் கருவியின் வலது குச்சியைக் காலைப் போல அசைக்க வேண்டும். சாதாரண ஆலிகூட சிரமம்தான். நிஜத்துக்கு நெருக்கம் என்று ஸ்கேட்டர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஹாக் தொடரோ 2009இல் 'ரைடு' என்ற பெயரில் பிளாஸ்டிக் பலகையோடு வந்து அடிவாங்கியது. 2015இன் ஐந்தாம் பாகமும் எடுபடவில்லை.

மீட்சி வந்தது பழைய கேம்களின் மறுஉருவாக்கத்தில். 2020இல் முதல் இரண்டு பாகங்களும், 2025 ஜூலையில் மூன்றும் நான்கும் புதுப்பிக்கப்பட்டு வெளியாயின. 2020 பதிப்பில் ஒரு சின்ன மாற்றம் கவனிக்கத்தக்கது. 'மியூட் கிராப்' என்று பல ஆண்டுகளாக அழைக்கப்பட்ட வித்தையை உருவாக்கியவர் கிறிஸ் வெட்டில் என்ற காது கேளாத ஸ்கேட்டர். 'ஊமை' என்ற பொருளில் அவரைக் குறித்து வந்த பெயரை நீக்கி, கேமில் 'வெட்டில் கிராப்' என்று மாற்றினார்கள். ஒரு கேம் பெயரை மாற்றினால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்தப் பெயரையே கற்றுக்கொள்வார்கள்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

முதல் ஹாக் கேமில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய ஆட்டக்காரர்களில் ஜேமி தாமஸ் ஒருவர். அந்த ஜேமி தாமஸ் மாமல்லபுரம் வந்தபோது, மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி மூர்த்தியைச் சந்தித்தார். கமலி கவுன் அணிந்து, வெறுங்காலோடு ராம்ப்பில் இறங்கும் புகைப்படத்தை டோனி ஹாக்கே சமூக வலைதளத்தில் பகிர்ந்தார். படம் உலகம் சுற்றியது. சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. கமலி பின்னர் அலைச்சறுக்கில் தேசிய அளவில் பட்டம் வென்றார்.

கேரளத்திலும் ஒரு முயற்சி உண்டு. திருவனந்தபுரம் அருகே கோவளத்தில் இயங்கும் கோவளம் ஸ்கேட் கிளப்பின் விதி எளிமையானது: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு கிடையாது. படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பலகையைக் காட்டியே வகுப்புக்குத் திரும்ப அழைக்கிறார்கள்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஸ்கேட்போர்டிங் முதன்முறை சேர்க்கப்பட்டது. டோக்கியோவில் ஜப்பானின் மொமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வாங்கினார். ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பிலிப்பைன்ஸின் மார்ஜிலின் டிடால், தச்சரின் மகள். 2025 ஹாக் கேமில் அவரும் ஓர் ஆட்டக்காரர்.

அப்படியானால் மூணாறிலோ சித்தூரிலோ என்ன தடை?

தரை. ஸ்கேட்போர்டின் சக்கரம் சுமார் 50 முதல் 54 மில்லிமீட்டர்தான், கெட்டியானது. ஒரு சின்னக் கல் சிக்கினால் பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார். மேடு பள்ளமான தார்ச் சாலையில் ஓடாது. ஈரத்திலும் கூடாது. மலைப்பாதைச் சரிவில் ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இறங்குவது உயிரோடு விளையாடுவது. கேமில் விழுந்தால் ஒரு நொடியில் எழுந்துவிடலாம். நிஜத்தில் மணிக்கட்டுதான் முதலில் உடையும்.

இப்போது கேமிலும் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த புதிய 'ஸ்கேட்' இலவசம். ஆனால் எப்போதும் இன்டர்நெட் வேண்டும், உள்ளே உடை, பலகை அலங்காரங்களுக்குக் காசு. மழைக்காலத்தில் நெட்வொர்க் போய்ப் போய் வரும் எஸ்டேட் பக்கத்தில் அதை எப்படி ஆடுவது? பழைய கேம் ஒரு சிடியில் முடிந்தது. கை மாறி எந்த ஊருக்கும் போனது.

நீங்கள் தொடங்க நினைத்தால்?

ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு வாங்கிவிட்டுப் பலகையைப் பாருங்கள். சொரசொரப்பான தரைதான் கிடைக்கிறது என்றால் பெரிய, மென்மையான சக்கரம் வைத்த பலகை கேளுங்கள். ஷட்டில் கோர்ட், பள்ளி முற்றம் போன்ற சமமான சிமென்ட் தரையில், அனுமதி கேட்டுவிட்டுப் பழகுங்கள். முதல் வாரம் தள்ளுவதும் நிற்பதும் மட்டும் போதும். கிக்ஃபிளிப் பிறகு.

ஊரில் பஞ்சாயத்து விளையாட்டுத் திடல் பற்றிப் பேச்சு வந்தால், கிரிக்கெட் பிட்சோடு ஒரு மூலையில் வழவழப்பான கான்கிரீட் தளமும் கேட்டுப் பாருங்கள். வித்தைகளின் பெயர் நம் பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கேட்பது இடம் மட்டும்தான்.